இரண்டு இடக்கைகள்

துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டினால் கோட்டின் இடக்கையும் வலக்கையும் ஒரே வெட்டில் வந்துவிடும். அன்று வெல்வெட் குறைவாக இருந்ததால் பிரித்து ஒற்றையாகப் போட்டேன். அப்படிப் போட்டால் முதல் கையை வெட்டியதும் அளவு அட்டையைத் திருப்பி வைத்துத்தான் அடுத்ததை வெட்ட வேண்டும். நான் திருப்பவில்லை. வெல்வெட்டுக்கு ஒரு பக்கம்தான் முகம், புரட்டிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. மேஜைமேல் இரண்டு இடக்கைகள் கிடந்தன.

பதினோரு வருடமாகத் தையல்கூடத்தில் என் பெயர் 'தப்பாத கத்திரி'. முதலாளி வைத்தது. வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி அதைச் சொல்வார். காதில் விழாததுபோல் குனிந்துகொள்வேன். அவர் சொல்லாத நாட்களில் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுவேன்.

இரண்டு துண்டுகளையும் சுருட்டி மேஜைக்கடியில் தள்ளினேன். துணிக்கடையில் அளவு குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் முதலாளி நம்புவார். அதற்குள் மனம் வசைபாடத் தொடங்கியிருந்தது. கண்ணு எங்க போச்சு? நீயெல்லாம் ஒரு கட்டரா?

எதிர் மிஷினில் கூட வேலை பார்க்கும் அக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தார். போன மாதம் சட்டைப் பையைத் தலைகீழாகத் தைத்துவிட்டு அவர் கண்கலங்கியபோது நான்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தைக்கிறவங்கதானே பிரிக்கவும் வேணும், முதல்ல தண்ணி குடிங்கக்கா என்றேன். கண் எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவர் உடைத்தால் மண்குடம், நான் உடைத்தால் பொன்குடம். இத்தனை வருடமும் எனக்கு நானே மாமியாராக இருந்திருக்கிறேன்.

தண்ணீர் குடித்தேன். வெட்கம் போகவில்லை. மேஜைக்கடியில் குனிந்தேன். சுருட்டியதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"ரெண்டுமே இடக்கை. அட்டையத் திருப்பாம நான்தான் வெட்டிட்டேன். இன்னும் முக்கால் மீட்டர் வேணும்."

அவர் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் பொருந்தின.

"தப்பையும் அளவு பிசகாம பண்ணியிருக்க," என்றார். பிறகு, "இனிமே வர்றவங்ககிட்ட உன்ன என்னன்னு சொல்றது?"

"கட்டர்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. துணி வாங்க அவரே கிளம்பிப் போனார். நான் கோட்டின் உள்புறத் துணியை விரித்தேன். வலித்தது. பதினோரு வருடப் பெயர் போனால் வலிக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாக வெட்டினேன்.