கிணற்றில் இறங்கும் முறை

பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே இரண்டாம் வருஷமும் மழை ஏமாற்றியபோது, ஊர்ப் பொதுக்கிணற்றை ஆழப்படுத்தும் வேலை கிணறு வெட்டுகிறவர்களின் புதுக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைத்தது. அதுவரை யார் உள்ளே இறங்குவது, யார் மேலே நின்று மண் இழுப்பது என்று தீர்மானித்தவர் மேஸ்திரி கிருஷ்ணப்பன். இனி ஆண்கள் முறை வைத்து இறங்குவது. மேலேயோ கீழேயோ, கூலி எல்லோருக்கும் ஒன்று. முதல் வாரம் சரிப்படாவிட்டால் மேஸ்திரியிடமே திரும்பிவிடலாம் என்றும் பேச்சு இருந்தது.

பட்டியல் எழுதும் பொறுப்பு செயலாளர் முனிராஜுக்கு. மாலை வகுப்பில் படிக்கிறவன் அவன்தான். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு, நாலாவது தரம் அகர வரிசையில் எழுதினான். அதில் யார் குறை சொல்ல முடியும்?

முதலில் கவுஸ் பாஷாவும் கோவிந்தனும் இறங்கி ஏறினார்கள். அடுத்து சென்றாயன், பெரியண்ணன் என்று வாசித்தான். கயிற்றருகே வந்த இருவரும் நின்றுவிட்டார்கள். சைக்கிளைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்த கிருஷ்ணப்பன் சிரித்தார்.

"காயிதம் கெணறு வெட்டுமா தம்பி?"

மண் கூடையை இறக்கிவைத்தாள் குள்ளம்மாள். "அண்ணந்தம்பிய ஒண்ணா எறக்கறியே முனிராஜு. மண்ணு சரிஞ்சா அந்த வூட்டுல யாரு மிச்சம்? உங்க வகுப்புல அதச் சொல்லித் தரலியா?"

முனிராஜின் காது சுட்டது. கிணறு வெட்டுகிறவன் மகனுக்குத் தெரியாத விஷயமா இது? சங்கம் இன்றோடு முடிந்தது என்றே நினைத்தான்.

"தப்பு என்னுதுங்க. வேணும்னா மேஸ்திரியே சொல்லட்டும்."

"அவரா?" என்றான் சென்றாயன். "போன சித்திரையில எங்கள ஒண்ணாத்தான் எறக்குனாரு. மாட்டேன்னா நாளைக்கு வேல இல்லன்னாரு. இன்னிக்குத்தான் மாட்டேன்னு நிக்க முடிஞ்சுது. நீ மாத்தி எழுது."

கிருஷ்ணப்பன் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

முனிராஜ் பெரியண்ணன் பெயரை அடித்துவிட்டு, யாரைப் போடுவதென்று தேடினான்.

"அதுல உம் பேரு எங்கடா?" என்றாள் குள்ளம்மாள்.

இல்லை. நாலு தரம் எழுதியும் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. சென்றாயனுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் காகிதத்தை அவளிடம் நீட்டினான்.

எழுத்துத் தெரியாத அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "தலகீழாப் புடிச்சிருக்கேன்னு சொல்லாத, ஆமா."

சிரிப்புக்கு நடுவே இருவரும் இறங்கினார்கள். அடியில் வெயில் எட்டவில்லை. வெகுநேரம் கடப்பாரை போட்ட பிறகு மண் கறுத்து வந்தது. சென்றாயன் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து அவன் கையில் வைத்தான். ஈரத்தில் அது உதிரவில்லை.

"மேல சொல்லட்டுமாண்ணா?"

"இரு. இன்னொரு மொழம் போவட்டும்."