ஜூடி விட்டுக்கொடுத்தது

நோன்பு வயிற்றுக்கு, மதியம் தாண்டினால் உலகமே கொஞ்சம் மிதக்கும். எட்டாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தண்ணீரில் நடப்பதுபோல் தெரியும். பள்ளி வாசலில் குகைபோல் கட்டிய கெபிக்குள் நிற்கும் மாதா இப்போதுதான் தலையைத் திருப்பினாளோ என்று மிஸ்பாவுக்குச் சந்தேகம் வரும். பசியைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பக்கத்து இடம் காலியாகக் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எல்.கே.ஜி.யிலிருந்து அது ஜூடியின் இடம். ராயபுரத்தில் இருவருக்கும் ஒரே குடியிருப்பு, எதிரெதிர் வீடு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவள், பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சும் நின்றது. மறுநாளே ரமலான் பிறந்தது. பாய் வீட்டுப் பெண்ணோடு சேராதே என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ? ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்திலேயே மிஸ்பா கேட்காமல் நாளைத் தள்ளினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பயமும் அலுத்துப்போனது. பள்ளி விட்டதும் கேட்டருகே ஜூடியின் பையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாடி பண்ணேன் உன்னிய? நான் பாய் வூட்டுப் பொண்ணுன்றதாலயா?”

ஜூடியின் கண் நிறைந்துவிட்டது.

“லூசாடி நீ? மறைக்கல்வி கிளாஸ்ல சிஸ்டர் சொன்னாங்க, ரொம்பப் புடிச்சது எதுவோ அத்த தவக்காலம் முழுக்க வுடணும்னு. எல்லாரும் சாக்லேட்ட வுட்டாளுங்க. எனக்கு சாக்லேட்டாடி பெருசு? எனக்கு நீதான்டி…”

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “போச்சு! பேசிட்டேன். எல்லாம் போச்சு!”

மறைக்கல்வி நேரத்தில் மிஸ்பா பக்கத்து அறையில் நன்னெறி வகுப்பில் கொட்டாவி விடுகிறவள். அவளுக்கு எப்படித் தெரியும்? அடிப்பாவி, இதற்காகவா இத்தனை நாள் என்னைச் சாகடித்தாய் என்று கோபம் வந்தது. கூடவே சந்தோஷமும் வந்தது.

“அழாதடி. மறந்து துன்னா எங்க நோன்பு முறியாது. உன்னுதும் முறியாது. அப்புறம், நாங்க இன்னா ராத்திரி பூராவா பட்டினி கெடக்கறோம்? சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா நோன்பத் தொறந்துடுவோம்ல? நீயும் தொற.”

ஜூடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். பிறகு வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். கறாரான பெண்.

சாயங்காலம் மொட்டை மாடியில் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள், பேசாமல். கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்குகள் நடுவானில் தொங்கின. மிஸ்பாவின் உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழம்.

பாங்கு எழுந்தது.

“மிஸ்பா,” என்றாள் ஜூடி.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. மாடிப்படியில் பூனை குட்டி போட்டது, கணக்கு டீச்சர் வழுக்கி விழுந்தது, இவளைப் பார்க்காமல் இருக்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனது என்று மூச்சு விடாமல் கொட்டினாள். கன்னத்தில் கை வைத்து மிஸ்பா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கீழிருந்து அம்மா கூப்பிட்டாள். “நோன்பு தொறந்தியாடி?”

“தொறந்துட்டேம்மா,” என்றாள் மிஸ்பா. பேரீச்சம்பழம் அப்படியே கையில் இருந்தது.