எட்டில் ஒரு பங்கு

இந்தப் பரீட்சையில் கணக்கில் ஏ1 வாங்காவிட்டால் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் கிடைக்காது. இளவேனிலுக்கு மார்க் குறைச்சல் இல்லை. எப்போதும் தொண்ணூறுக்கு மேல்தான். ஆனால் தில்லை நகரில் அவள் படிக்கும் பள்ளியில் மார்க்கை மட்டும் பார்த்து கிரேடு போடுவதில்லை. பாஸானவர்களை மார்க் வரிசைப்படி நிறுத்தி, மேலே உள்ள எட்டில் ஒரு பங்குக்குத்தான் ஏ1. வகுப்பில் நாற்பத்தெட்டு பேர். அவள் எப்போதும் ஆறாவது.

நாற்பத்தெட்டு பேரும் பாஸானால் ஆறு ஏ1. ஒருத்தர் கோட்டைவிட்டாலும் ஐந்துதான்; மிச்சமிருக்கும் பின்னத்தைக் கணக்கு சார் இன்னாசிராஜ் கண்டுகொள்ள மாட்டார். போன பரீட்சையில் கோட்டைவிட்டது இர்பானா ஒருத்திதான்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் இது இளவேனிலுக்கு உறைத்தது. அப்புறம் சீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டுத் தென்னூரில் இர்பானா வீட்டுக் கதவைத் தட்டினாள். தினமும் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லித்தருவதாகச் சொன்னாள். ஏன் இந்தத் திடீர்ப் பாசம் என்று இர்பானா கேட்டதற்கு மழுப்பினாள். நாலாம் நாள் இர்பானா ஒரே கணக்கை மூன்றாவது தடவையும் தப்பாகப் போட, இளவேனில் ஆத்திரத்தில் உண்மையைக் கொட்டிவிட்டாள்.

இர்பானா முறுக்கைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப உன் ஏ1 என் கையிலயா இருக்கு? இனிமே அதட்டாம சொல்லிக் குடுங்க, டீச்சரம்மா."

பரீட்சையன்று இர்பானா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேனாவை மூடுவாள், ஜன்னலைப் பார்ப்பாள், மறுபடி திறப்பாள். எழுதுகிறாளா, படம் போடுகிறாளா? இரண்டு வரி எழுதுவதற்குள் இளவேனிலின் கண் அந்த முதுகுக்கே போய் நின்றது. மணி அடிக்கும்போதுதான் இளவேனில் தன் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஐந்து மார்க் கேள்வி ஒன்று அங்கே தொடாமல் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நாற்பத்தெட்டு பேரும் பாஸ். இர்பானாவுக்கு முப்பத்தைந்து. ஏ1 ஆறு. ஆறாவது பெயர் அரவிந்தன். அதற்கடுத்து, இரண்டு மார்க் குறைவாக, ஏ2வில் இளவேனில்.

இர்பானா தன் பெயரைக் கீழிருந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே மேலே விரலை ஓட்டினாள். ஏழாவதில் விரல் நின்றது.

"நான் பாஸ் பண்ணிட்டேன்ல? நீ என்னடி பண்ணிட்டிருந்த?"

"உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்."