இரண்டாம் ஊசி

வேலுசாமியின் இடது கையில் இரைச்சல் நின்றுபோயிருந்தது. டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஒட்டித் தைத்த இடம் அது. தொட்டால் தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல் அதிரும். விடிந்ததும் தொட்டுப் பார்ப்பது அவன் பெண்டாட்டி அய்யம்மாளின் வழக்கம். இன்று விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. காதை வைத்தாள். கல் மாதிரிக் கிடந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நர்ஸ் ரூபி பிரஷர் பார்த்தாள். இருநூற்றுப் பத்து.

"என்னண்ணே, உப்பை அள்ளித் தின்னீகளா?"

"பழனிக்கு நடக்க விரதம் இருக்கேன் தாயி. உப்பாவது, கருவாடாவது."

"சர்ஜன் வாராரு. என்னென்ன மருந்து போச்சுன்னு அவருக்குச் சரியாச் சொல்லணும். ரத்தம் ஊற இங்க வாரம் ஒரு ஊசி போட்டோம். வேற?"

"அம்புட்டுத்தான்." சொல்லிக்கொண்டே அய்யம்மாளின் காலை மிதித்தான். உண்மையைச் சொன்னால் பழனிக்கு நடக்க விடமாட்டார்கள்.

வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கிய ஆள். ஒரு நடைக்கு இரண்டு மூட்டையாகத் தூக்கி வேலையை முடிக்கிற புத்தி. "ஒரு ஊசிக்கே இம்புட்டுத் தெம்புன்னா ரெண்டுக்கு?" என்று அதே ஊசியை மெடிக்கலில் தனியாக வாங்கி வந்தான். மூன்று வாரமாக அவன் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து அதைக் குத்தியவள் அய்யம்மாள்தான்.

ரூபி எழுதத் தொடங்கினாள்.

"ரெண்டும்மா," என்றாள் அய்யம்மாள். "வாரம் ரெண்டு. ரெண்டாவத வீட்டுல நாந்தேன் போட்டேன்."

ரூபியின் பேனா நின்றது. "அடப்பாவிகளா! அது ரத்தத்த மட்டுமா வளக்கும்? கொழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு, அதையும் போய்த் தொடும். அளவு மிஞ்சுனா கொழாய் இறுகும், சவ்வு தடிக்கும், ரத்தம் ஒட்டிக் கட்டியாயிரும். கையில அடைச்சது அதாத்தான் இருக்கும்."

"சொல்லிட்டியேடி," என்று பல்லைக் கடித்தான் வேலுசாமி.

"சொல்லாம, பொணத்தத் தூக்கிட்டுப் போகவா? வாய மூடுய்யா."

"இன்னைக்கு டயாலிசிஸ் ஓடியே ஆகணும்," என்றாள் ரூபி. "இல்லேன்னா பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுரும்."

உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே அய்யம்மாள் உட்காரவேயில்லை. ஊசி பிடித்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

ஒரு மணிக்கு சர்ஜன் வெளியே வந்தார். "கை தேறலம்மா. கழுத்துல குழாய் போட்டாச்சு. மிஷின் ஓடுது."

அய்யம்மாள் உள்ளே போனாள். அவன் கழுத்திலிருந்து ரத்தம் சிவப்பாக மிஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. வேலுசாமி அவளைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும் என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வீட்டு ஃபிரிஜ்ஜில் இன்னும் ஓர் ஊசி இருக்கிறது. போனதும் முதல் வேலையாக அதைச் சாக்கடையில் கொட்ட வேண்டும்.