விளக்கி வைத்த காசுகள்

சவப்பெட்டி வந்து சேருவதற்குள் தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஆரோக்கியமணி பரபரத்துக்கொண்டிருந்தாள். பீரோவின் அடியிலிருந்து ஒவ்வொரு மரத்தட்டாகத் தூக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்த சாப்பாட்டு மேசையின்மேல் பரப்பினாள். கட்டிலில் சேவியர் கழுத்துவரை வெள்ளை வேட்டி போர்த்திக் கிடந்தார். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உயிர் போயிருந்தது. புருஷன் செத்த காலையில் ஒரு பெண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று பக்கத்து வீட்டு வைஷாலியின் கண் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

"அம்மா, ப்ளீஸ், உக்காருங்க. இது எதுக்கு இப்போ?" என்றாள் மகள் அலினா. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் யோசித்து யோசித்துத்தான் வரும். அழுகையோடு சேர்ந்தால் அதுவும் வராது.

"அப்பாவோட சேக்காளிமாரெல்லாம் வருவாவ. வந்தா பாக்கட்டும். அந்த ஜன்னல நல்லாத் தொற, வெளிச்சம் படட்டும்."

அலினா ஜன்னலைத் திறந்தாள். மழை சற்று ஓய்ந்து, கேம்ப் பகுதியின் கூரைகளுக்கு மேல் லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. தட்டுகளில் இருந்த காசுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னின. ஜெர்மனியின் ஒலிம்பிக் வெள்ளிக்காசு, இங்கிலாந்து இளவரசர் கல்யாணத்துக்கு அடித்த பெரிய காசு, நடுவில் ஓட்டை போட்ட ஜப்பான் காசு, போப்பாண்டவர் புனேவுக்கு வந்த வருஷம் வாங்கிய செப்புப் பதக்கம், புதிதாக வந்த யூரோக்கள். வைஷாலி வாயைப் பொத்திக்கொண்டு, "கித்தி சான் சமக்தாத்!" என்றாள். எவ்வளவு அழகாக மின்னுகின்றன என்று அவள் மராத்தியில் சொன்னதைக் கேட்டதும், அந்தத் துக்கத்திலும் ஆரோக்கியமணிக்கு நெஞ்சின் ஓரத்தில் கொஞ்சம் குளிர்ந்தது.

சேவியர் ராணுவக் கணக்கு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜா காலத்துக் காசு வாங்க ராஜா சம்பளமா வருகிறது என்று சொல்லி, இந்தக் காலத்து உலகக் காசுகளையும் நினைவுப் பதக்கங்களையும் சேர்க்க ஆரம்பித்தார். முகம் தெரியாத யாரோ ஒரு போலந்துக்காரருக்கு இங்கிருந்து காந்தி தலை போட்ட ரூபாய்க் காசை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புவார். அங்கிருந்து ஒரு கழுகுக் காசு வரும். எது கிடைத்தாலும் தனக்கு ஒன்று, கொடுக்க ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காசு சேர்க்கிறவர்கள் கூடுகிற இடத்துக்குப் போய், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி வருவார்.

"அந்தக் காசுல இருக்க ராணியை லென்ஸ் வச்சுப் பாக்குத கண்ணு, வீட்ல இருக்கவள ஒரு நாளாச்சும் அப்படிப் பாத்திருக்கா?" என்று அவள் சீண்டுவாள்.

"ராணி ஏசமாட்டால்லா," என்பார்.

காசு விஷயத்தில் மட்டும் அவர் கறார். கை கழுவித் துடைத்த பிறகுதான் தொடுவார், அதுவும் ஓரத்தை மட்டும். வேறு யாரையும் தொட விடமாட்டார். தொலைந்துவிடும் என்ற பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் கேட்டதுமில்லை. ஒரு வீட்டில் ஒரு பைத்தியம் போதாதா?

அவளுடைய பைத்தியம் வேறு. திருவிழாவுக்கு முன்னால் கோயில் பீடத்தின் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் தூபக்கலசத்தையும் விளக்குவது அவள்தான். புளியும் உப்பும் போட்டு, பித்தளை விளக்கும் பவுடர் வைத்து அவள் தேய்த்தால் சாமியாரே முகம் பார்த்துத் தலை சீவலாம். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வேலையை வேறு யாருக்கும் அவள் விட்டுக் கொடுத்ததில்லை. அவள் கணக்கில் கறுத்துப்போன பாத்திரம் என்றால் கவனிப்பாரில்லாத பாத்திரம்.

சிறுநீரகம் பழுதாகி சேவியர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் அவளுக்கு ஜெபம் சொல்லிச் சொல்லி வாய் வறண்டது. அவர் திரும்பி வரும்போது அவர் மனம் குளிர ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. பீரோவைத் திறந்தாள். கறுத்தும் பாசி பிடித்த மாதிரி பச்சையும் நீலமும் ஓடியும் கிடந்த காசுகளைப் பார்த்து, பாவம், இந்த மனுஷனுக்கு இதை ஒரு நாள் உட்கார்ந்து விளக்கக்கூட நேரம் கிடைக்கவில்லையே என்று இரக்கப்பட்டாள். புளியை ஊற வைத்தாள்.

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. ரஃபீக் பாய் வந்திருந்தார். பூர்வீகம் ஆம்பூர், கேம்ப்பில் செருப்புக் கடை. சேவியருக்கு இளவட்டத்திலிருந்தே கூட்டாளி, காசுக் கூட்டாளியும்கூட. பின்னாலேயே பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஹரிபிரசாத். யூரோக் காசுகளைக் கொண்டுவந்து கொடுத்த பையன் அவன்தான்.

ரஃபீக் பாய் கட்டிலருகே போய் நின்றார். நெஞ்சில் கை வைத்து எதையோ முணுமுணுத்தார். அப்புறம் அடக்க முடியாமல் அழுதார். ஆரோக்கியமணியை அவர் பாபி, அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் பாபி அவன் என்னை வரவாணாம்னான்? எத்தினி தபா போன் பண்ணேன். ஆஸ்பத்திரில இருக்கசொல்ல தெனம் வந்தேனே, அப்போ ஒண்ணும் சொல்லலியே. வூட்டுக்கு வந்தப்புறம் வாசல்ல கால் வெக்காதேன்னுட்டான். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல பாய். எழும்பி உக்காந்தப்புறம் வரட்டும்னு சொன்னாவ. படுத்துக் கெடக்கத நீங்க பாக்கக்கூடாதுன்னு நெனச்சிருப்பாவ." அவளுக்கும் அது நெருடலாகத்தான் இருந்தது. அந்த நெருடலை ஆற்றத்தான் அவரை மேசைப் பக்கம் கூப்பிட்டாள். "இங்க பாருங்க பாய். எல்லாம் வெளக்கி வச்சிருக்கேன். உங்க சேக்காளி சேத்தது வீணாப் போவல."

ரஃபீக் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"யாரு இதை..." என்று ஹரிபிரசாத் ஆரம்பித்தான். ரஃபீக் பாய் பார்வையை எடுக்காமலே அவன் கையை இறுக்கிப் பிடித்தார். அவன் வாய் மூடிக்கொண்டது.

"எப்ப பண்ணீங்க பாபி?"

"அவுக ஆஸ்பத்திரில இருக்கும்போதே."

"அவன் பாத்தானா?"

"பாத்தாவளே! வந்த அன்னிக்கே காட்டிட்டேன். அழகா இருக்குன்னு சொன்னாவ."

ரஃபீக் பாய் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். சேவியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமா பாபி. ரொம்ப அழகா இருக்கு," என்றார்.

இருவரும் வெளியே போனார்கள். லோஹேகாவிலிருந்து சேவியரின் அக்கா மரியம்மாள் வந்ததும் உடம்பைத் துடைக்க வேண்டும். அதற்கு வெந்நீர் போட ஆரோக்கியமணி அடுக்களைக்குப் போனாள். அடுக்களை ஜன்னல் மாடி வராந்தாவைப் பார்த்தது. ஸ்டவ் பற்றுவதற்கு முன்பே ஹரிபிரசாத்தின் குரல் கேட்டது.

"என்னங்க பாய் இது? ஒண்ணுவிடாம ஒரசி வச்சிருக்காங்க. பூராவும் கோடு கோடா விழுந்திருக்குது. யூரோவைக்கூட விடலைங்க."

"மெதுவா பேசு."

"ஒரசின காசு செத்த காசுன்னு சார்தானுங்களே எனக்குச் சொல்லிக் குடுத்தாரு? கறுப்பு அழுக்கில்ல, அது காசோட தோலு, அதை உரிக்கக் கூடாதும்பாரு. எச்சி பட்டாப் புள்ளி விழும்னு ஊதக்கூட விடமாட்டாரு. இனி இதை யாரு கையில வாங்குவாங்க? எப்படித் தாங்குனாரு மனுசன்?"

"அவனே பாபிகிட்ட சொல்லாம பூட்டான். நீயும் நானும் யாரு சொல்றதுக்கு? வாயை மூடிக்கினு கீழ வா."

படிகளில் அவர்கள் இறங்கிப் போனார்கள். ஆரோக்கியமணியின் கையில் தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறக்கூடத் தோன்றவில்லை.

அவர் வீடு திரும்பிய நாள் அவள் கண்முன் வந்து நின்றது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த சேவியர், தட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். அவர் ஒரு காசை எடுத்தார், திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். வெகுநேரம் பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்தாள்.

"எல்லாத்தையுமா மணி?"

"எல்லாத்தையுந்தான்."

"ஒண்ணுகூட விடலியா?"

"ஒண்ணுகூட விடல," என்றாள் பெருமையாக. "புளியில ஊறி வெரல் எல்லாம் எப்படி வெந்து போச்சு பாருங்க."

அவர் காசைத் தட்டில் வைத்துவிட்டு அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். காசைப் பார்க்கிற மாதிரியே, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு மணி. மருந்து போட்டியா கைக்கு?" என்று கேட்டார். பிறகு களைப்பாக இருக்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டுகளை அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. ரஃபீக் வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னது மறுநாள் காலையில்.

ரஃபீக் பாய் வந்திருந்தால் தட்டை எடுத்துக் காட்டியிருப்பாள். வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்திருப்பாள். ரஃபீக் பாய் வாய்விட்டுக் கத்தியிருப்பார். அது அவள் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த மனுஷன், சாகக் கிடக்கும்போது ஆசையாகப் பேசுவதற்கு இருந்த ஒரே ஆளையும் வாசலோடு நிறுத்தியிருக்கிறார். ஆயுசெல்லாம் சேர்த்தது போனதைச் சொல்லி அழக்கூட ஒருவரும் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சீக்கிரம் எழும்புங்க, தட்டெல்லாம் உங்களுக்காகக் காத்துக் கெடக்கு என்று கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

ஓடிப்போய்க் கட்டில் ஓரத்தில் நின்றாள். "ஏசியிருக்கலாம்லா?" என்றாள். "ஒரு வார்த்தை என்னை ஏசியிருக்கலாம்லா?"

அலினா வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். துக்கம் இப்போதுதான் வெளியே வருகிறது என்று வைஷாலி தண்ணீர் கொண்டுவந்தாள். வந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்று, எவ்வளவு பளபளப்பு, எவ்வளவு சுத்தம், கொடுத்து வைத்த மனுஷர் என்று இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவளைச் சுட்டது. அவள் மேசைப் பக்கம் போய்த் தட்டுகளுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டாள்.

"ஏம்மா மூடறீங்க? நீங்கதானே அப்பா ஃப்ரெண்ட்ஸ் பாக்கணும் சொன்னீங்க?"

"போதும். பாத்தாச்சு."

மகளிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் அவர் கடைசி நாட்களில் கட்டிக் காத்ததை அவளே போட்டு உடைத்த மாதிரி ஆகும். சொல்லவில்லை.

மரியம்மாள் மழையில் நனைந்த சேலையோடு வந்து சேர்ந்தாள். தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். அவள் எப்போதும் அப்படித்தான். ஆட்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அலினா வெந்நீரும் சோப்பும் துண்டும் கொண்டுவந்தாள். முகம் துடைத்தார்கள். நெஞ்சும் காலும் துடைத்தார்கள். ஆரோக்கியமணி அவருக்குத் தலைசீவி விட்டாள்.

மரியம்மாள் இடது கையைத் தூக்கினாள். "என்னட்டி இது, இம்புட்டுக் கறுப்பு?"

மருந்து ஏற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரி ஒட்டிய இடம். பசை புறங்கை முழுவதும் பட்டை பட்டையாகக் கறுத்துப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் தேங்காண்ணெ கொண்டா அலினா. அழுத்தித் தேச்சாப் போயிரும்." துண்டின் நுனியில் சோப்பைக் குழைத்து மரியம்மாள் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஆரோக்கியமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதிய மைனி."

"பெட்டியில இந்தக் கைதானட்டி மேல இருக்கும்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

"என்னமும் சொல்லட்டும். அப்படியே இருக்கட்டும்."

மரியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். என்ன கண்டாளோ, துண்டைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆரோக்கியமணி கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். செம்பிலிருந்து வெந்நீரை மெல்லச் சாய்த்தாள். சோப்பு நுரை வழிந்து போயிற்று. கறுப்பு அப்படியே இருந்தது. உலர்ந்த துண்டை எடுத்து, ஈரத்தை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.