சொர்ணவல்லியின் பால்பற்கள்

வல்லத்திராக்கோட்டைக்கு மேற்கே, குழந்தைசாமியின் வம்சத்தில், தலைப்பிள்ளைக்கு முதல் பல் விழுந்த அன்றே தகப்பன் இறந்துபோவான். தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சி கேட்டு வந்த ஒருத்தியைப் பூட்டன் வாயிலேயே அடித்து விரட்ட, அவள் உடைந்த பல்லை வாசலில் துப்பிச் சாபமிட்டுப் போனாள். அந்த இடம் அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் காய்ந்ததில்லை. அந்த மாதமே மூத்த மகனுக்குப் பல் விழ, பூட்டன் களத்தில் சாய்ந்தான். பாட்டன் ஏர் ஓட்டும்போது. குழந்தைசாமி ஆறு வயதில் கடலை மிட்டாய் கடித்தபோது, இலுப்பூர்ச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்த அவன் தகப்பன் விலையைச் சொல்லி முடிக்கவில்லை.

1948இல் தலைப்பிள்ளை சொர்ணவல்லி பிறந்ததும் குழந்தைசாமியின் மனைவி காத்தாயி, கடித்துத் தின்னும் பண்டம் எதையும் வீட்டுக்குள் விடவில்லை. மகளுக்குக் கஞ்சி, கூழ் மட்டும். ஓடவும் விடவில்லை. பன்னிரண்டு வயதிலும் இருபது பால்பற்களும் அப்படியே இருந்தன. ஆனால் பிள்ளை ஆறு வயது உயரத்தோடு நின்றுவிட்டாள்.

அறுபதாம் வருசம் ஈஸ்டருக்குக் குழந்தைசாமி குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். அந்த வாரமே பல் ஆடியது. வாசல் ஈரம் படிவரை பரவியது. குழந்தைசாமியின் சின்னம்மா மீனம்மாள் இலுப்பூரிலிருந்து சாவு மாலையோடு வந்து உட்கார்ந்தாள். பாடை மூங்கிலுக்கு ஆள் போய்விட்டது.

"அந்தச் சாபத்த ஏசு சிலுவைல வாங்கிக்கிட்டாரும்மா. வேற யாரும் வாங்க வேண்டியதில்லே" என்றார் அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் செபமாலை.

"போறது ஒங்க உசுரு இல்லேல்ல" என்றாள் காத்தாயி.

"இல்லேம்மா. போனது அவரு உசுரு."

குழந்தைசாமி ஒரு துண்டுக் கரும்பைச் சீவிக் காத்தாயியிடம் நீட்டினான்.

"நீயே குடு. எங்கப்பனத் தின்னுட்டு நான் வளந்தேன். எனக்காக அவ வளராம இருக்க வேணாம்."

மகளின் குச்சி போன்ற மணிக்கட்டைக் காத்தாயி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கணவன் வேட்டி முனையை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கரும்பைக் கொடுத்தாள்.

"கடி ஆத்தா."

பல் விழுந்தது. குழந்தைசாமி கண்ணை மூடினான். காத்தாயி வேட்டி முனையை விடவில்லை. வெயில் சாய்ந்து, மாடுகள் வீடு திரும்பிய பிறகும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து, கால் மரத்துவிட்டது என்றான்.

"அப்ப இந்த மாலைய என்னத்தா செய்ய?" என்று கேட்டாள் மீனம்மாள்.

"மாட்டுக்குப் போடுங்கத்தே."

அந்த ஒரு பல்லுக்குச் சொர்ணவல்லி இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தாள். இன்னும் பத்தொன்பது பாக்கி இருந்தன. காத்தாயி அடுத்த துண்டைச் சீவத் தொடங்கினாள்.