பலகை வைக்காத வளைவு

சவக்கிடங்கு வாசலில் அப்பாவின் செருப்பில் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். இன்னொன்று வேனுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம். அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டே போலீஸ்காரர் எழுதியதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினான். ஓட்டுநர் கண் அயர்ந்ததால் வளைவில் வண்டி கவிழ்ந்தது.

"அப்பாவா தூங்கினாரு? டீவி முன்னாடிகூடத் தூங்காத மனுஷன்."

அவள் அவன் கையிலிருந்து செருப்பை வாங்கிக்கொண்டாள். அப்பா வேன் ஓட்டிய சலவைக் கம்பெனியின் முதலாளி வீட்டுக்கு வந்து, நல்ல மனுஷன், வயசாச்சு, தூக்கம் யாரைக் கேட்டு வருது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். முந்தின ராத்திரி பேச்சுக் கொடுத்து அவரைத் தூங்கவிடாமல் செய்தது தான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

அவள் நெடுஞ்சாலைத் துறையின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. வேலை கிடைத்த நாளிலிருந்து அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எங்க கவர்மென்ட்டு வந்துடுச்சு, தட்டை எடுத்து வை" என்பார்.

அந்தக் கவர்மென்ட்டுக்கு அந்த வளைவைத் தெரியும். துறையே எடுத்த கணக்கெடுப்பில், ஆள் சாகிற இடங்களில் அதுதான் முதலாவது. அங்கே மகனைப் பறிகொடுத்த ஒருத்தி வழக்குப் போட்டு, கணக்கெடுப்பைக் காட்டுங்கள் என்று கேட்டாள். பாதுகாப்புக்காகத் திரட்டிய விவரத்தைக் கோர்ட்டில் நமக்கெதிராகவே நீட்டினால் நாளைக்கு எந்த என்ஜினியரும் உண்மையை எழுத மாட்டான் என்று மறுப்பு எழுதியது இவள்தான். துறை ஜெயித்தது. அந்த அம்மாள் மேல்முறையீட்டுக்குப் போனாள். வளைவில் எச்சரிக்கைப் பலகையாவது வைக்கலாமா என்று என்ஜினியர் கேட்டபோது, வழக்கு முடியும்வரை வேண்டாம், வைத்தால் ஆபத்து இருப்பதை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று குறிப்பு எழுதியதும் இவள்தான். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் மூளைக்காரி என்றார். ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றிக்கொண்டு அப்பா தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள். ஆபீஸ் விஷயம்.

அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டான். "உன் ஆபீஸ்ல விவரம் இருக்கும்ல, அங்க இதுக்கு முன்னாடி யார் யாரு விழுந்தாங்கன்னு? எடுத்துட்டு வா. கேஸு கீஸு அப்புறம். அம்மாகிட்டயாவது காட்டலாம்."

"குடுக்க மாட்டாங்க."

"எந்தப் பெரிய மனுஷன் குடுக்க மாட்டான்? யாருன்னு சொல்லு."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

பிணவண்டியும் அதே சாலையில்தான் போனது. வளைவைத் தாண்டியதும் அம்மா நிறுத்தச் சொல்லி இறங்கினாள். சரிவில் கண்ணாடித் தூள் கிடந்தது. பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

"தூங்கவிடாம பண்ணிட்டேனே பாவி."

"அப்பா தூங்கலம்மா."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் திரும்பி, வந்த வழியே நடந்தாள். வளைவு தொடங்குவதற்கு முன்னால், நேர்ச்சாலை முடிகிற இடத்தில் ஓரமாக நின்று கையை நீட்டினாள். வேகமாக வந்த லாரி ஒன்று தடுமாறி மெதுவானது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, முன்னாடி ஆக்சிடென்ட்டா?"

"வளைவுண்ணே. மெதுவாப் போங்க."

அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு கியரை மாற்றினார். நேரமாகிறது என்று அண்ணன் கூப்பிடுவது கேட்டது. தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் கையை இறக்கவில்லை.